மின்னல் எப்போதும் கடைசி

எங்கள் பள்ளிக்கூடத்தில் எட்டாம் வகுப்புக்கு மேலே கூரை ஒழுகும். மழைநாளில் இரண்டாவது வரிசைப் பிள்ளைகள் பெஞ்சை இழுத்துப் போட்டுக்கொண்டு மூன்றாவது வரிசைக்காரர்களின் மடியில் உட்காராத குறையாக உட்காருவார்கள். வகுப்பில் கால்வாசிப் பேருக்கு ஒரு பத்தியைத் திக்காமல் படிக்க வராது. ஆய்வுக்கூடத்து நுண்ணோக்கியில் எதை வைத்துப் பார்த்தாலும் நம் கண்ணிமை மயிர்தான் தெரியும். இத்தனைக்கும் சேர்த்து ஒரே மருந்தாக எங்கள் தலைமையாசிரியர் ‘வகுப்புத் தோழன்’ என்ற இணையக் கருவியைக் கண்டுபிடித்து வந்தார்.

கருவி என்றதும் கையில் பிடிக்கிற சாமான் என்று நினைக்க வேண்டாம். அது ஒரு வலைத்தளம். நான் கேள்விகளைத் தட்டிப் போட்டுவிட்டால் அவை வகுப்பின் பெரிய திரையில் வரும். பிள்ளைகள் தங்கள் டேப்லெட்டில் எங்கள் வகுப்பின் எண்ணைப் போட்டு, ஆளுக்கொரு பட்டப்பெயர் வைத்துக்கொண்டு உள்ளே நுழைந்து, நான்கு வண்ணப் பெட்டிகளில் ஒன்றைத் தொட வேண்டும். சீக்கிரம் தொட்டவருக்கு அதிகப் புள்ளி. நேரம் குறையக் குறையப் பின்னணியில் ஒரு இசை வேகம் பிடிக்கும். வெடிகுண்டில் எந்த ஒயரை வெட்டுவது என்று ஒருவன் வியர்த்துக்கொண்டிருக்கும்போது போடுவார்களே, அந்த மாதிரி இசை. முடிவில் முதல் மூன்று பேர் மேடையேறுவார்கள், அவர்கள் தலையில் வண்ணக் காகிதம் கொட்டும். மிச்சமிருப்பவர்களில் யாருக்கு எத்தனையாவது இடம் என்பதையும் கருவி, யாரும் கேட்காமலேயே, கடைசி ஆள் வரை வரிசையாகக் காட்டும்.

இதை எங்களுக்குக் கற்றுத்தர கோட்டுப் போட்ட ஒரு பயிற்சியாளர் வந்தார். ஆசிரியர்கள் எல்லோரையும் ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு, “இனிமே நீங்கள்லாம் டீச்சர் கிடையாது. கற்றல் அனுபவ வடிவமைப்பாளர்கள்” என்றார்.

என் பக்கத்தில் இருந்த கணக்கு டீச்சர் என் காதருகில் குனிந்து, “அப்ப பேப்பர் திருத்துறது யாரு, அதைக் கேளு” என்றாள்.

நான் கேட்கவில்லை. நான் அறிவியல் டீச்சர். கரும்பலகையில் அமீபாவை ஒரே இழுப்பில் வரைவேன் என்பதால் பிள்ளைகள் எனக்கு ‘அமீபா மிஸ்’ என்று பெயர் வைத்திருக்கிறார்கள். சமீபத்தில் நான் கொஞ்சம் பருத்துவிட்டதற்கும் அந்தப் பெயருக்கும் சம்பந்தமில்லை என்றே நம்பிக்கொண்டிருக்கிறேன்.

தலைமையாசிரியர் ஒரு காலத்தில் வரலாறு நடத்தியவர். பதவி உயர்வு வந்த பிறகு, ஆளில்லாத வகுப்பில் மின்விசிறி ஓடுகிறதா என்று பார்க்க மட்டுமே வகுப்பறைக்குள் வருவார். வகுப்புத் தோழனில் அவரை உச்சி குளிரவைத்தது அது தருகிற வரைபடங்கள். பச்சைப் பட்டை, மஞ்சள் பட்டை, சிவப்புப் பட்டை. அவற்றைப் பார்ப்பதற்கென்றே தன் அறைச் சுவரில் பெரிய டிவி ஒன்றை மாட்டிக்கொண்டார். டிவிக்கு இணையம் தடைபடக் கூடாது என்று வைஃபை பெட்டியையும் தன் தலைக்கு மேலேயே மாட்டவைத்தார். அதனால் பள்ளியில் இணையம் நன்றாகக் கிடைக்கும் ஒரே இடம், பாடம் நடக்காத அந்த ஒரே அறைதான்.

பிறகு சுற்றறிக்கை வந்தது. ஒவ்வொரு வகுப்புக்கும் ஒரே எண்தான், மாற்றக் கூடாது, அலுவலகத்தில் எழுதிக் கொடுத்துவிட வேண்டும். வெள்ளிக்கிழமைதோறும் அறிக்கை வரும். அதில் கடைசியாக வந்து சிவப்பு விழுந்த பிள்ளையின் பெற்றோரை வரவழைத்துத் தலைமையாசிரியர் பேசுவார். வரவழைத்துத் திட்டுவதற்கு ‘ஊக்கப்படுத்தல் சந்திப்பு’ என்று பெயர் சூட்டியிருந்தார்.

முதல் சிவப்பு எறும்புக்கு விழுந்தது.

எறும்பு என்பது அந்தப் பெண் தனக்குத் தானே வைத்துக்கொண்ட திரைப்பெயர். மற்றவர்கள் சிங்கம், கமாண்டோ, ராக்கெட் என்று போட்டுக்கொண்டபோது இவள் மட்டும் எறும்பு என்று போட்டிருந்தாள். ஏன் என்று கேட்டேன். “அதை யாரும் பார்க்க மாட்டாங்க மிஸ்” என்றாள்.

மெலிந்த, சின்ன உருவம். அப்பா பேருந்து ஓட்டுநர். அம்மா ஆஸ்பத்திரியில் நர்ஸ். அவளிடம் ஒரு பெரிய குறை இருந்தது: கேள்வியை முழுவதும் படித்துவிட்டுத்தான் பதில் சொல்வாள். விரலை ஒவ்வொரு சொல்லாக நகர்த்தி, நான்கு பெட்டிகளையும் படித்து, யோசித்து, சரியான பெட்டியைத் தொடுவாள். அதற்குள் நேரம் முடிந்திருக்கும். முதல் பெஞ்சுக் கமாண்டோ கேள்வி வருவதற்கு முன்பே எதையாவது தொட்டு, அதில் பாதி சரியாகி, மேடையேறிக் காகித மழையில் நனைந்துகொண்டிருப்பான்.

ஊக்கப்படுத்தலுக்கு அவள் அப்பா காக்கிச் சீருடையோடு வந்தார். உள்ளே போய்விட்டு வெளியே வந்த மனிதரின் முகத்தைப் பார்த்தால், நடுரோட்டில் நூறு பயணிகளோடு வண்டி பழுதாகி நின்றவர் மாதிரி இருந்தது. என்னைப் பார்த்ததும் நின்றார்.

“மிஸ், பொண்ணு படிக்க மாட்டேங்குதா? இல்ல, அந்த டேப்லெட்டு ஸ்லோவா?”

“ரெண்டும் இல்லீங்க. கேள்வியை முழுசாப் படிக்கிறா.”

“அது தப்பா மிஸ்?”

வகுப்புத் தோழனைப் பொறுத்தவரை தப்புதான். அதை அவரிடம் எப்படிச் சொல்வது என்று தெரியாமல், “நான் பார்த்துக்கறேன்” என்றேன். ஆசிரியர்கள் ஒன்றும் செய்ய முடியாதபோது சொல்வதற்கென்றே இருக்கிற வாக்கியம் அது.

அடுத்த வாரம் மின்னல் வந்து சேர்ந்தது.

உணவு செரிமானப் பாடம் ஓடிக்கொண்டிருந்தது. செரிமானம் எங்கே தொடங்குகிறது என்று கேட்டிருந்தேன். வாய், இரைப்பை, சிறுகுடல், நுரையீரல். நுரையீரலைச் சும்மா இடத்தை நிரப்பப் போட்டிருந்தேன். அதை யாராவது தொடுவார்கள் என்று நான் நினைக்கவில்லை. ஒருவர் தொட்டிருந்தார். மின்னல் என்று பெயர். அதுவும் எல்லோரும் பதில் சொல்லி முடித்து, இசை உச்சத்துக்குப் போய், நேரம் முடியப்போகிற கடைசி நொடியில்.

அடுத்த கேள்வி பித்தநீரைச் சுரப்பது எது. மின்னல் வெகுநேரம் யோசித்துப் பற்களைத் தேர்ந்தெடுத்தது.

வகுப்பே சிரித்தது. யாருடா மின்னல், யாருடி மின்னல் என்று ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். யாரும் ஒத்துக்கொள்ளவில்லை. தலைகளை எண்ணினேன், முப்பத்தெட்டு. திரையில் முப்பத்தொன்பது.

“மிஸ், யாரோ ஹேக்கர் உள்ள வந்துட்டான்” என்றான் கமாண்டோ.

“ஹேக்கர்னா ஜெயிக்க மாட்டானாடா?” என்று பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது. அந்த வாதத்தில் இருந்த நியாயத்தை யாராலும் மறுக்க முடியவில்லை.

மின்னல் மறுநாளும் வந்தது. அதற்கு மறுநாளும். இதயத்தில் எத்தனை அறைகள் என்றால் எட்டு என்றது. வெள்ளை அணுக்களின் வேலை பல்லை வெண்மையாக வைப்பது என்றது. வகுப்பு அதன் பதிலுக்காகக் காத்திருக்கத் தொடங்கியது. முதல் மூன்று பேருக்குக் காகிதம் கொட்டுவதை யாரும் பார்ப்பதில்லை. பட்டியலின் அடிக்குத்தான் எல்லாக் கண்களும் போயின. அங்கே மின்னல், அதற்கு ஒரு படி மேலே எறும்பு.

மணியடித்துப் பிள்ளைகள் வெளியே போகும்போது எறும்பு என் மேஜையருகில் நின்றாள்.

“மிஸ், இன்னிக்கும் நான் கடைசி இல்ல.”

“பார்த்தேன்.”

“மின்னல் யாரா இருந்தாலும் ரொம்ப நல்லவங்க மிஸ்” என்று சொல்லிவிட்டு ஓடிப்போனாள். அந்த வாரம் முழுவதும் அவள் டேப்லெட்டைத் துணியால் துடைத்துத் துடைத்து வைத்துக்கொண்டிருந்ததைப் பார்த்தேன்.

வெள்ளிக்கிழமை அறிக்கையில் சிவப்பு மின்னலுக்கு விழுந்தது. அலுவலகத்து அம்மா என்னைத் தேடி ஆசிரியர் அறைக்கே வந்துவிட்டார்.

“மிஸ், மின்னலோட அப்பா போன் நம்பர் வேணும். ஊக்கப்படுத்தணும்.”

“அப்படி ஒரு பிள்ளையே என் கிளாஸ்ல இல்லம்மா.”

“ஹெச்.எம். கையெழுத்துப் போட்டுட்டாரு மிஸ். கையெழுத்துப் போட்டப்புறம் பிள்ளை இல்லன்னா எப்படி?”

தலைமையாசிரியர் எதையும் படிக்காமல் கையெழுத்துப் போடுவார் என்பது பள்ளியில் எல்லோருக்கும் தெரியும். ஒருமுறை விளையாட்டு டீச்சர் தன் விடுப்புக் கடிதத்துக்குப் பதிலாகச் சலவைக்காரர் பில்லை வைத்து அனுமதி வாங்கிவிட்டாள். நான் நேராக அவர் அறைக்குப் போய் விஷயத்தைச் சொன்னேன். கரும்பலகைத் துடைப்பான் ஒன்று காணாமல் போனதற்கு ஆசிரியர்கள் அத்தனை பேரையும் நிற்கவைத்து விசாரித்த மனிதர் அவர். பள்ளியின் இணையத்துக்குள் யாரோ நுழைந்திருக்கிறார்கள் என்றால் கூரையைப் பிய்த்துவிடுவார் என்று நினைத்தேன்.

“விடுங்க மிஸ். ஏதாவது சிஸ்டம் தப்பா இருக்கும்” என்றார். சொல்லிவிட்டு மேஜைமேல் இருந்த தாள்களை அடுக்கினார். அவை ஏற்கனவே அடுக்கித்தான் இருந்தன. “ஆமா… அந்தப் பையன் ரொம்ப மோசமா?”

“எந்தப் பையன் சார்?”

“அதான், மின்னல்.”

“பையன்னு எப்படி சார் தெரியும்?”

“பேரைப் பார்த்தா அப்படித் தோணுச்சு.”

“மோசம்தான் சார். ஆனா ஒருநாள்கூட லீவு போடறதில்ல.”

அவர் முகம் மலர்ந்தது. “அதுவும் ஒரு நல்ல குணம்தானே மிஸ்” என்றார்.

அந்த இடத்திலேயே எனக்குப் புரிந்திருக்க வேண்டும். எனக்குப் பதில் தெரிந்தாலும் நேரம் முடிந்த பிறகுதான் தொடுவேன் போலிருக்கிறது.

இரண்டு நாள் கழித்து, பாதிக் கேள்வியில் என் டேப்லெட்டில் இணையம் கிடைக்காமல் வட்டம் சுற்றத் தொடங்கியது. திரையில் கேள்வி நிற்கிறது, அடுத்ததற்குப் போக மறுக்கிறது. பிள்ளைகளை அமைதியாக இருக்கச் சொல்லிவிட்டு, இணையம் கிடைக்குமா என்று டேப்லெட்டைத் தட்டு மாதிரி ஏந்திக்கொண்டு தாழ்வாரத்தில் நடந்தேன். தலைமையாசிரியர் அறை ஜன்னலருகில் போனதும் உயிர் வந்தது. கேள்வி நகர்ந்தது. உள்ளே இருந்து மெல்லிசாக அந்த வெடிகுண்டு இசை கேட்டது.

ஜன்னல் கொஞ்சம் திறந்திருந்தது. தலைமையாசிரியர் செல்போனை முகத்துக்கு வெகு அருகில் வைத்து, கீழுதட்டைக் கடித்தபடி குனிந்திருந்தார். கட்டைவிரல் ஒரு பெட்டிமேல் போய் நின்றது, விலகியது, வேறொன்றுக்குப் போனது. இசை வேகமெடுத்தது. கண்ணை மூடிக்கொண்டு எதையோ தொட்டார். என் டேப்லெட்டில் ‘மின்னல் பதிலளித்துவிட்டார்’ என்று வந்தது. ஒரு நொடி கழித்துச் சரியான பதில் தெரிந்தது. பள்ளியின் தலைவர் தன் நெற்றியில் தானே அடித்துக்கொண்டார்.

நான் வந்த சுவடு தெரியாமல் திரும்பினேன்.

அன்று வீட்டுக்குப் போனதும் கணவரிடம் சொன்னேன். அவர் லிஃப்ட் பழுதுபார்க்கும் வேலையில் இருப்பவர். இரண்டு மாடிகளுக்கு நடுவில் மாட்டிக்கொண்டவர்களிடம் பேசிப் பேசி அவருக்கு எதிலும் பதற்றம் வராது.

“அவர்கிட்ட சொல்லிட்டியா?”

“என்னன்னு சொல்றது? சார், உங்களுக்கு வயித்துக்குள்ள என்ன இருக்குன்னே தெரியலைன்னா?”

“பாவம்டி. தினமும் எட்டாங்கிளாஸ் பிள்ளைங்ககிட்ட தோக்கறதுக்குன்னே ஒரு மனுஷன் கதவைச் சாத்திட்டு உக்கார்றான். நானா இருந்தா ரெண்டாவது நாளே போனைத் தூக்கிப் போட்டிருப்பேன்.”

சிரித்தோம். பிறகு அந்தப் பேச்சு அதோடு முடிந்தது. நானும் அதை அப்படியே விட்டிருப்பேன், செயல்விளக்க நாள் என்று ஒன்று வராமல் இருந்திருந்தால்.

வகுப்புத் தோழனால் பள்ளி அடைந்த மேன்மையைப் பெற்றோருக்குக் காட்ட வேண்டும் என்று நிர்வாகக் குழுச் செயலாளர் ஆசைப்பட்டார். மண்டபத்தில் நாற்காலி போட்டார்கள். கோட்டுப் பயிற்சியாளர் மறுபடியும் வந்தார், அதே கோட்டில். நல்ல நேரம் பார்த்து எட்டாம் வகுப்பு அறிவியலைத் திரையில் திறந்தார்.

“நம்ம கருவியோட பெருமையே இதுதான். எந்தப் பிள்ளையும் ஒளிஞ்சுக்க முடியாது” என்று பட்டியலின் அடிக்குப் போனார். “இந்த மின்னலைப் பாருங்க. தொடர்ந்து சிவப்பு. நூத்துக்குப் பதினொண்ணு. இந்த வயசுல இதயத்துக்கு எத்தனை அறைன்னு தெரியல. இந்தப் பிள்ளை யாரு?”

மண்டபம் சலசலத்தது. எறும்பின் அப்பா, அன்றும் சீருடையில்தான் வந்திருந்தார், எழுந்து நின்றார்.

“சார், என் பொண்ணு சொல்லியிருக்கு. மின்னல்னு ஒரு பிள்ளை இருக்காம். யாருன்னு தெரியலையாம். யாரா இருந்தாலும் சரி, எல்லார் முன்னாடியும் வெச்சுப் பேச வேண்டாம் சார்.”

“பேசறதுக்காக இல்லீங்க, உதவறதுக்காக” என்றார் பயிற்சியாளர். “இதை ஒரு தட்டு தட்டினா போதும். எந்த போன்ல இருந்து, எந்த அறையில இருந்து வந்திருக்குன்னு எல்லாத்தையும் காட்டிடும்.”

மேடையில் செயலாளருக்குப் பக்கத்தில் இருந்த தலைமையாசிரியரைப் பார்த்தேன். தண்ணீர் பாட்டிலைத் திறந்து வாயில் வைத்திருந்தார். பாட்டில் காலியாக இருந்தது. அது தெரியாமல் குடித்துக்கொண்டே இருந்தார்.

எனக்கு அவர்மேல் பெரிய பாசம் எதுவும் கிடையாது. என் விடுப்பு விண்ணப்பங்களை அவர் வைத்திருக்கும் இடத்தில் வௌவால் குடியிருக்கும். ஆனால் பயிற்சியாளரின் விரல் அந்தப் பெயர்மேல் இறங்குவதைப் பார்த்தபோது, அத்தனை பேர் முன்னால் அந்த மனிதர் சிவப்பாகப் போகிறார் என்பதை என்னால் தாங்க முடியவில்லை. எழுந்து நின்றேன்.

“அது நான்தான் சார்.”

விரல் நின்றது.

“கருவி சரியா வேலை செய்யுதான்னு பார்க்க, நானே ஒரு பேர் போட்டு உள்ள வந்தேன்.”

“மேடம், நீங்க அறிவியல் டீச்சர்தானே?”

“ஆமா.”

“நூத்துக்குப் பதினொண்ணு.”

“தப்பான பதிலையெல்லாம் அது ஒழுங்காத் தப்புன்னு சொல்லுதான்னு பார்த்தேன்.”

பெற்றோரில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அது தொற்றிக்கொண்டு மண்டபமே சிரித்தது. செயலாளர் சிரிக்கவில்லை. பக்கத்தில் குனிந்து, “கருவியை விளையாட்டுக்குப் பயன்படுத்தறாங்க போல. இந்த டீச்சருக்குச் சிறப்புப் பயிற்சி ஒண்ணு போட்டுடுங்க” என்று ஒலிபெருக்கிக்குள் கேட்கிற மாதிரியே சொன்னார்.

தலைமையாசிரியர் ஏதாவது சொல்வார் என்று காத்திருந்தேன். உண்மையைச் சொல்ல வேண்டாம். ‘அவங்க நல்ல டீச்சர்’ என்றாவது சொல்லியிருக்கலாம். அவர் தலையை ஆட்டினார், பேனாவை எடுத்தார், எழுதிக்கொண்டார். அன்று மாலை வீடு போய்ச் சேரும்வரை எனக்குக் காதில் சூடு இறங்கவில்லை.

மறுநாள் முதல் மின்னல் வரவில்லை.

பிள்ளைகள் முதல் கேள்விக்குப் பின் அடிவரிசையைப் பார்த்தார்கள். எறும்பு தனியாக இருந்தாள். “மிஸ், மின்னலுக்கு உடம்பு சரியில்லையா?” என்று கேட்டான் கமாண்டோ. அவன் அப்பா அம்மா கூட்டத்துக்கு வரவில்லை, அதனால் நான்தான் மின்னல் என்ற செய்தி அவனுக்கு அப்போது எட்டவில்லை. எட்டியபோது நம்ப மறுத்துவிட்டான். அமீபா மிஸ்ஸுக்கு அவ்வளவு தப்புத் தெரியாது என்று சண்டை போட்டானாம். அந்த வாரத்தில் எனக்குக் கிடைத்த ஒரே பாராட்டு அது.

மூன்றாம் நாள் எறும்பு டேப்லெட்டைத் திறக்கவேயில்லை. சார்ஜ் இல்லை என்றாள். அடுத்த நாளும் சார்ஜ் இல்லை. நான் வாங்கிப் பார்த்தேன், முழுசாக இருந்தது. அவள் தலையைக் குனிந்துகொண்டாள். நான் திருப்பிக் கொடுத்தேன்.

இடைவேளையில் வகுப்புத் தோழனின் உதவி எண்ணுக்குப் போன் செய்தேன். நிறைய எண்களை அழுத்தி, நிறையப் பாட்டுக் கேட்ட பிறகு, கடைசியில் நம் கோட்டுக்காரரே பேசினார்.

“இந்த நேரக் கணக்கையும் ரேங்க் லிஸ்ட்டையும் எடுத்துட்டு நடத்த முடியாதா?”

“தாராளமா முடியும் மேடம். அமைப்புகள்ல, கீழ கடைசியில, ரெண்டுக்கும் பட்டன் இருக்கு.”

“பயிற்சியில சொல்லவே இல்லையே நீங்க?”

“யாரும் கேக்கலையே மேடம். எல்லா ஸ்கூல்லயும் நேரத்தை இன்னும் குறைக்க முடியுமான்னுதான் கேப்பாங்க.” கொஞ்சம் நிறுத்திவிட்டு, “ஆனா அது தலைமை கணக்குல மட்டும்தான் தெரியும். உங்க ஹெச்.எம். தான் அமுக்கணும்” என்றார்.

மறுபடியும் அந்த அறை. டிவியில் பட்டைகள் ஓடிக்கொண்டிருந்தன. என்னைப் பார்த்ததும் தலைமையாசிரியர் எழுந்துவிட்டார். ஒரு ஆசிரியைக்காக அவர் எழுந்ததை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

“உக்காருங்க மிஸ்.”

உட்கார்ந்தேன். அவரும் உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் இருவரும் டிவியைப் பார்த்தோம்.

“எப்ப தெரியும்?” என்றார்.

“நெட் கிடைக்காம ஜன்னல் பக்கம் வந்தேன் சார்.”

“முதல்ல கண்காணிக்கத்தான் உள்ள வந்தேன். நீங்கள்லாம் நிஜமா நடத்தறீங்களான்னு. பேர் கேட்டுச்சு, ஏதோ போட்டேன். கேள்வி வந்துச்சு. பதில் சொல்லாம விட்டா ஒரு மாதிரியா இருந்துச்சு.” செல்போனைத் திருப்பித் திருப்பி வைத்தார். “சரி, ஒருநாளாவது மேல வந்துடலாம்னு பார்த்தேன். அந்த மியூசிக் வந்தாலே ஒண்ணும் ஓடமாட்டேங்குது மிஸ். தெரிஞ்சதும் மறந்துபோகுது. இதயத்துக்கு நாலுன்னு எனக்குத் தெரியும். சத்தியமாத் தெரியும். கை எட்டுல போயிடுச்சு.”

“பிள்ளைங்களுக்கும் அப்படித்தான் சார் போகுது.”

அவர் செல்போனை மேஜையில் கவிழ்த்து வைத்தார்.

“நுரையீரல்?” என்றேன்.

“அது தெரியல” என்று ஒத்துக்கொண்டார். பிறகு, “அன்னிக்கு மேடையில நான் ஏதாவது சொல்லியிருக்கணும்” என்றார்.

“ஆமா சார். சொல்லியிருக்கணும்.”

பரவாயில்லை என்று நான் சொல்வேன் என எதிர்பார்த்திருப்பார். நான் சொல்லவில்லை. அது பரவாயில்லாத விஷயம் அல்ல. பிறகு எறும்பைப் பற்றிச் சொன்னேன். அவள் மின்னலை நல்லவங்க என்று சொன்னதையும், இப்போது டேப்லெட்டில் சார்ஜ் இல்லாமல் போனதையும். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“நான் வேணா திரும்ப வரட்டுமா மிஸ்? கடைசியா வர்றதுக்கு நான் கேரண்டி.”

“அந்த நம்பிக்கை எனக்கு இருக்கு சார். ஆனா நீங்க ஒரு நாள் மீட்டிங்னு போயிட்டா அவ மறுபடி கடைசிதான். கடைசின்னு ஒரு இடமே இல்லாம பண்ணிடலாம். அமைப்புகள்ல கீழ பட்டன் இருக்காம்.”

பட்டனைக் கண்டுபிடிக்க எங்கள் இருவருக்கும் நல்ல நேரம் பிடித்தது. கண்டுபிடித்ததும் அவர் விரல் தயங்கியது. “இதை எடுத்துட்டா இந்தப் பட்டையெல்லாம் வராது போலிருக்கே. டிவில என்ன ஓடும்?”

“செய்தி போட்டுப் பாருங்க சார்.”

பெருமூச்சு விட்டு இரண்டையும் அமுக்கினார். சுவரில் பச்சையும் மஞ்சளும் சிவப்பும் போய், வெறும் நீலம் வந்தது. சவம் எடுத்த வீட்டில் உட்கார்ந்திருப்பவர் மாதிரி அதையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் மெதுவாக எழுந்து வந்துவிட்டேன்.

அடுத்த நாள் இசையில்லாமல் கேள்வி வந்தபோது வகுப்புக்குத் திரை கெட்டுப்போய்விட்டதோ என்ற சந்தேகம். கமாண்டோ வழக்கம்போல் படிக்காமல் தொட்டுவிட்டு, மற்றவர்கள் முடிக்கும்வரை செய்ய ஒன்றுமில்லாமல் பக்கத்தில் இருப்பவன்மேல் ரப்பர் துண்டுகளை எறிந்தான். போரடிக்கிறது என்று நான்கைந்து பேர் வெளிப்படையாகவே புகார் சொன்னார்கள். எல்லாப் பிள்ளைகளும் அன்றே அறிவுக்கடலில் குதித்து நீந்தினார்கள் என்றெல்லாம் நான் கதை அளக்கத் தயாரில்லை. இரண்டாவது கேள்வியின்போது எறும்பு பையிலிருந்து டேப்லெட்டை எடுத்தாள். விரலை வைத்துச் சொல் சொல்லாகப் படித்தாள். அவளுக்காகத் திரை காத்திருந்தது. அன்று அவள் தொட்ட ஒன்பதில் எட்டு சரி. எங்கே தவறவிட்டாள் என்று கேட்டுக்கொண்டு மணியடித்த பிறகும் என்னை விடவில்லை. உட்கார்ந்து அந்த ஒன்றை விளக்கினேன்.

என் டேப்லெட்டில் மட்டும் தெரிகிற பட்டியலில் முப்பத்தொன்பதாவது பெயரும் இருந்தது. பாதிக்கு மேல் சரி. அதை நான் யாரிடமும் சொல்லவில்லை.

ஊக்கப்படுத்தல் சந்திப்புகள் ‘நிர்வாகக் காரணங்களால்’ நிறுத்தப்பட்டன. மாதம் திரும்புவதற்குள் ‘நிதானக் கற்றல் இயக்கம்’ என்ற தலைப்பில் சுற்றறிக்கை வந்தது. குழந்தைகளின் மனத்தை நீண்டகாலம் ஆராய்ந்து தலைமையாசிரியர் உருவாக்கிய புது முறை என்று அதில் போட்டிருந்தது. வேறு பள்ளிகளிலிருந்து கூப்பிட்டு அவரைப் பேசச் சொன்னார்கள். பேச்சில் என்னைப் பற்றி ஒரு வரி வருமா என்று கணக்கு டீச்சர் போய்க் கேட்டுவிட்டு வந்தாள். “வந்துச்சு. ‘எங்கள் ஆசிரியர்களில் ஒருவர்’னு ஒரு இடத்துல வந்துச்சு. அது நீயாத்தான் இருக்கணும்” என்றாள்.

என் சிறப்புப் பயிற்சி மட்டும் ரத்தாகவில்லை. செயலாளர் வாயால் சொல்லி, தலைமையாசிரியர் எழுதிக்கொண்டுவிட்ட விஷயம் ஆயிற்றே. ரத்து செய்தால் காரணம் எழுத வேண்டும். காரணம் எழுதினால் எல்லாவற்றையும் எழுத வேண்டும். என்னைக் கூப்பிட்டு, “மன்னிச்சுடுங்க மிஸ், ஒரு சனிக்கிழமைதான்” என்றார். அந்த முறை உண்மையாகவே கூச்சப்பட்டார் என்பதால் ஒப்புக்கொண்டேன். பதிலுக்கு என் தேங்கிக்கிடந்த விடுப்பு விண்ணப்பங்கள் அத்தனையிலும் அங்கேயே கையெழுத்து வாங்கிக்கொண்டேன். இந்த முறை ஒவ்வொன்றையும் படித்துவிட்டுத்தான் போட்டார்.

சனிக்கிழமை காலை, பெரிய மண்டபத்தில் நானும் கோட்டுக்காரரும் மட்டும் எதிரெதிரே உட்கார்ந்திருந்தோம். அவர் எழுந்து நின்று, காலி நாற்காலிகளையும் சேர்த்து ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு, வணக்கம் சொன்னார். நானும் சொன்னேன். மதியம்வரை பேசினார். முடிவில் ஒரு சான்றிதழ் கொடுத்து, தானே எங்கள் இருவரையும் செல்போனில் படம் எடுத்துக்கொண்டார்.

வீட்டில் கணவர் அதை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

“பாஸா?”

“அதெல்லாம் போடறதில்ல. ‘பங்கேற்றார்’னு மட்டும்தான் போட்டிருக்கு.”

“நல்லா பங்கேத்தியா?”

“தூங்கல” என்றேன். அவர் அதை அலமாரியில் லிஃப்ட் கையேடுகளுக்கு நடுவில் செருகி வைத்துவிட்டு, சாப்பிட வா என்றார்.